வழக்குரை காதையை நடித்துக் கற்பித்தல்: தமிழாசிரியர்களுக்கு ஒரு நாடகப் பட்டறை வழிகாட்டி

சிலப்பதிகாரத்தின் 20ஆவது காதையான வழக்குரை காதை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே முறையில்தான் நடத்தப்படுகிறது. ஆசிரியர் அடிகளைப் படிக்கிறார், பதம் பிரிக்கிறார், பொருள் சொல்கிறார். மாணவர்கள் அருஞ்சொற்பொருளை ஓரத்தில் குறித்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு இது போதும். ஆனால், ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசுவதாக எழுதப்பட்ட செய்யுளை, யாரும் யாரையும் பார்க்காமல் படித்து முடிப்பதால், அந்தச் செய்யுளின் பாதி அங்கேயே தங்கிவிடுகிறது. யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு தொலைவிலிருந்து பேசுகிறார், எந்தச் சொல்லில் குரல் மாறுகிறது என்பனவற்றையெல்லாம் இளங்கோவடிகள் செய்யுளுக்குள்ளேயே வைத்திருக்கிறார். அந்தக் குறிப்புகளை மாணவர்கள் தம் குரலாலும் உடலாலும் தேடிக் கண்டெடுக்கப் பழக்குவதே இங்கே விளக்கப்படும் பட்டறையின் நோக்கம். நல்ல நடிகர்களை உருவாக்குவது இதன் வேலையன்று.

சிலப்பதிகாரம் காப்பியமாயிற்றே, அதை நாடகமாக எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். 'இயலிசை நாடகப் பொருள் தொடர்நிலைச் செய்யுள்' என்றே இதைப் பழைய உரை மரபு குறிப்பிடுகிறது. நாடகக் காப்பியம் என்ற பெயரும் இதற்கு உண்டு. இந்தக் காதையில், வாயிலோன் வரும் இடம் முதல் அரசி விழும் இடம் வரை, கவிக்கூற்றாக, அதாவது கவிஞரே சொல்வதாக, வருபவை மிகச் சில அடிகளே. மற்றவை எல்லாம் பேச்சு. தொடக்கநிலைப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி தமிழில் அரிது.

தொடங்குவதற்கு முன்

இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஏறத்தாழ 90 நிமிடம் கிடைக்குமாறு தலைமையாசிரியரிடம் பேசி, அத்தகைய நான்கு அமர்வுகளைப் பெற்றுக்கொள்ளுங்கள். மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டால் வகுப்பறையே போதும். 40 பேர் உள்ள வகுப்பாயின் ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு செய்யும்போது மற்றவர்கள் கேட்பவர்களாக இருக்குமாறு சுழற்றலாம். தேவைப்படும் பொருள்கள் ஒரு முக்காலி, ஒரு குடை, ஒரு கைத்தடி, ஒரு பழைய வேட்டி, மூடியுள்ள இரண்டு சிறு டப்பாக்கள், கொஞ்சம் புளியங்கொட்டை, கொஞ்சம் மிளகு ஆகியவை மட்டுமே. சரிகைத்தாள் கிரீடமும் ஒட்டுமீசையும் ஆண்டுவிழாவோடு இருக்கட்டும். வேடம் வந்தவுடன் மாணவரின் கவனம் சொல்லிலிருந்து கண்ணாடிக்குப் போய்விடுகிறது.

மாணவர்களுக்குக் கொடுக்கும் தாளில் மூலம் மட்டும் பெரிய எழுத்தில், சீர் பிரித்து, அடிகளுக்கிடையே எழுத இடம்விட்டு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உரையை முதல் இரண்டு அமர்வுகளில் கொடுக்காதீர்கள். ஆசிரியர் மட்டும் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையையோ வேறொரு நம்பகமான உரையையோ முன்னதாக நன்கு படித்து வைத்திருக்க வேண்டும். மாணவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் உடனே சொல்லிவிடுங்கள். கேட்காத சொல்லுக்குச் சொல்ல வேண்டாம்.

முதல் அமர்வு: அடியைக் காலால் அளத்தல்

உடலைத் தளர்த்தும் பயிற்சிகளும் மூச்சுப் பயிற்சியும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு நேரே கண்ணகியின் முதற்பேச்சுக்கு வந்துவிடலாம்:

வாயி லோயே வாயி லோயே
அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து
இறைமுறை பிழைத்தோன் வாயி லோயே
இணையரிச் சிலம்பொன் றேந்திய கையள்
கணவனை யிழந்தாள் கடையகத் தாளென்று
அறிவிப் பாயே அறிவிப் பாயே

ஆசிரியப்பாவில் அடிக்கு நான்கு சீர். ஆறு அடிக்கு 24 சீர். அறையின் ஒரு கோடியில் மாணவியை நிறுத்தி, சீருக்கு ஓர் எட்டாக நடந்துகொண்டே சொல்லச் சொல்லுங்கள். மறுகோடியில் வாயிலோன் அசையாமல் நிற்கட்டும். யாப்பிலக்கணத்தில் அளவடி என்று எழுதிப் போட்டுப் புரியாதது, இந்த 24 எட்டில் காலுக்குப் புரிந்துவிடும். இரண்டாம் முறை நடக்கும்போது, சுற்றி நிற்பவர்கள் எதுகை விழும் இடங்களில் மட்டும் கைதட்டட்டும். 'அறிவறை', 'பொறியறு', 'இறைமுறை' என்று றகரம் அடுக்கி வருவதையும், அதன்பின் 'இணையரி', 'கணவனை' என்று ணகரத்துக்கு ஓசை மாறுவதையும் காதே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, வல்லின றகரம் முடிந்து ஓசை மாறும் அந்த இடத்தில் கண்ணகியிடம் என்ன மாறுகிறது என்பதுதான். முதல் மூன்று அடிகளில் அவள் அரசனைப் பற்றிப் பேசுகிறாள். பின்னர்த் தன்னைப் பற்றிப் பேசுகிறாள். தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் 'நான்' என்று சொல்லாமல், சிலம்பு ஏந்திய கையள், கணவனை இழந்தாள் என்று படர்க்கையில் சொல்கிறாள், ஏனெனில் வாயிலோன் உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய சொற்களை அவளே அவன் வாயில் வைக்கிறாள். இதைக் கண்டுபிடிக்கும் மாணவி அந்த இரண்டு அடிகளைத் தானாகவே மெதுவாகவும் தெளிவாகவும் சொல்லத் தொடங்குவாள். அதுவரை எல்லாரும் ஆறு அடிகளையும் ஒரே கூச்சலாகத்தான் சொல்வார்கள்.

இங்கே ஒரு தொல்லையை எதிர்பார்த்திருக்க வேண்டும். மனப்பாடப் பகுதியை ஒப்புவிக்கும்போது வரும் அந்த ராகம் பல ஆண்டுப் பழக்கம், எளிதில் போகாது. அதை உடைக்கப் பயன்படும் உத்தி, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அதே கருத்தைத் தம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் செய்யுளடிக்குத் தாவுவதாகும். "நீதி தவறுன ராஜாவோட வாசல்ல நிக்கிறவனே, உன்னத்தான்!" என்று சொன்ன அதே வேகத்தில் 'இறைமுறை பிழைத்தோன் வாயி லோயே' என்று வர வேண்டும். நாலைந்து முறை செய்தபின் பேச்சை நீக்கிவிட்டால் செய்யுள் மட்டும் நிற்கும், ராகம் இருக்காது. திரைப்பட வசனத்தின் சாயல் ஒட்டிக்கொண்டவர்களுக்கு வேறு மருந்து வேண்டும்: முழுவதையும் கிசுகிசுப்பாக, ஆனால் மறுகோடியில் இருப்பவருக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்குமாறு சொல்லச் செய்யுங்கள்.

கண்ணகியாக ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆறு அடிகளை ஆறு பேர் சொல்லலாம், அறுவரும் சேர்ந்தும் சொல்லலாம். மாணவர்களும் கண்ணகியாகலாம், மாணவிகளும் பாண்டியனாகலாம்.

இரண்டாம் அமர்வு: வாயிலோன் சொல்வதும் சொல்லாததும்

வாயிலோனைச் சிறு வேடம் என்று எண்ணி யாருக்காவது தள்ளிவிடுவது வழக்கம். இந்தப் பட்டறையில் ஓர் அமர்வின் பெரும்பகுதி அவனுக்குத்தான். அவன் பேச்சு ஆறு 'வாழி'களோடு தொடங்குகிறது:

வாழியெங் கொற்கை வேந்தே வாழி
தென்னம் பொருப்பின் தலைவ வாழி
செழிய வாழி தென்னவ வாழி
பழியொடு படராப் பஞ்சவ வாழி

ழகரம் வராத நாவுகளுக்கு இந்த நான்கு அடிகளே போதுமான பயிற்சி. அது ஒரு பக்கம் இருக்க, கண்ணகி சொல்லி அனுப்பியதையும் இவன் உள்ளே வந்து சொல்வதையும் அருகருகே வைத்து, எது விடுபட்டது என்று கண்டுபிடிக்கும்படி குழுக்களிடம் சொல்லுங்கள். 'கணவனை யிழந்தாள் கடையகத் தாளே' என்பதை இரண்டு முறை சொல்கிறான், சிலம்பையும் சொல்கிறான், 'அறிவறை போகிய', 'இறைமுறை பிழைத்தோன்' ஆகிய இரண்டையும் விழுங்கிவிடுகிறான். விழுங்கியதோடு நில்லாமல் 'பழியொடு படராப் பஞ்சவ' என்று வேறு சேர்க்கிறான். வெளியே பழி வந்து நிற்பதை அறிந்தவன் வாயிலிருந்து வரும் வாழ்த்து இது. இதை வாயிலோனாக நடிப்பவர் அரசனுக்குத் தெரியாமலும் பார்ப்பவர்களுக்குத் தெரியுமாறும் சொல்ல வேண்டும். அந்த ஓர் அடியைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கலாம், வீண் போகாது.

அடுத்து வருவது அவன் அச்சம். வந்திருப்பவள் கொற்றவை அல்லள், எழுவருள் இளையவளான நங்கை அல்லள், இறைவனை ஆடல் கண்டருளிய அணங்கு அல்லள், கானகம் உகந்த காளி அல்லள், தாருகன் மார்பைக் கிழித்த பெண்ணும் அல்லள் என்று அடுக்குகிறான். ஒரு குழு இந்தத் தெய்வ வடிவங்களை ஒவ்வொன்றாக உறைநிலைக் காட்சியாக, அதாவது சிலைபோல் அசையாமல் நிற்கும் காட்சியாக, அமைத்து, அவன் விலக்கும்தோறும் கலைந்து அடுத்ததற்குப் போகட்டும். விலக்கிச் சொன்னாலும் ஒவ்வொரு வடிவமும் ஒருமுறை கண்முன் வந்தே போகிறது என்பதை மாணவர்கள் பார்த்துவிடுவார்கள். கடைசியில் 'செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்' என்ற அடியில் வேட்டியைத் திரையாகப் பிடித்திருக்கும் இருவர் அதைத் தாழ்த்த, பின்னால் கண்ணகி மட்டும் நிற்கலாம். தெருக்கூத்தில் பாத்திரங்கள் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் முறையைப் பார்த்த மாணவர் எவரேனும் வகுப்பில் இருந்தால், இந்த இடத்தை அவரே நடத்திக்கொடுப்பார்.

இத்தனை அடிகளுக்கும் அரசனின் விடை ஒரே வரி: 'வருக மற்றவள் தருக ஈங்கென'. இதோடு 16ஆவது காதையான கொலைக்களக் காதையில் அவன் இட்ட ஆணையையும் சேர்த்துக் கொடுங்கள்: 'கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கென'. இரண்டு ஆணைகளையும் ஒரே மாணவர் அடுத்தடுத்துச் சொல்லட்டும். இரண்டும் சுருக்கம், இரண்டும் 'ஈங்கு' என்று முடிகின்றன. முன்னது கோவலன் உயிரைக் கொண்டுபோயிற்று. பின்னது கண்ணகியைக் கொண்டுவருகிறது. இரண்டையும் ஒரே குரலில் சொல்வதா, குரலை மாற்றுவதா என்பதைக் குழுவே முடிவு செய்து காரணம் கூறட்டும். இரண்டு முடிவுக்கும் இடமுண்டு. ஆசிரியர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் அமர்வு: வழக்கு

'நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரை யோநீ மடக்கொடி யோய்' என்று அரசன் கேட்பதை நம் மாணவர்கள் அதட்டலாகவே சொல்வார்கள். கண்ணீர் வழியும் கண்ணைத்தான் அவன் முதலில் பார்த்திருக்கிறான் என்று சுட்டிக்காட்டினால் குரல் தணியும். அப்படித் தணிந்து கேட்ட கேள்விக்கு 'தேரா மன்னா' என்று விடை வரும்போதுதான் அதன் சூடு தெரியும்.

கண்ணகியின் இந்த விடை 'செப்புவ துடையேன்' என்று தொடங்கி 'கண்ணகி யென்பதென் பெயரே' என்று முடியும் வரை நெடுந்தொடராகப் போகிறது. அவன் கேட்டது பெயரை. அவள் அதைக் கடைசியில்தான் சொல்கிறாள். இடையில் வருபவை எல்லாம் சான்றுகள் என்பதை உணர்த்த, பேசும் மாணவி ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பொருளை அரசன் முன்னால் தரையில் வைத்துக்கொண்டே வரட்டும்: புறாவின் துயர் தீர்த்த சோழனுக்கு ஒன்று, பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனுக்கு ஒன்று, புகார் நகருக்கு ஒன்று, மாசாத்துவான் குடிக்கு ஒன்று, ஊழ்வினைக்கு ஒன்று, விற்க வந்த சிலம்புக்கு ஒன்று, கொலைக்களப்பட்ட கோவலனுக்கு ஒன்று. பேனா, சாவி, செருப்பு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். பெயர் வரும்போது வைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவள் மட்டும் நிற்பாள். தன் ஊரில் நீதி எப்படி இருந்தது என்பதைத் தன் பெயருக்கு முன்னால் அவள் ஏன் வைத்தாள் என்று கேட்டால், வழக்கறிஞர்கள் போல் மாணவர்கள் வாதிடத் தொடங்குவார்கள். மூச்சு எங்கே எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்து தாளில் குறித்துக்கொள்ளட்டும். எச்சத்தில் எடுக்கலாம், பெயரடைக்கும் பெயருக்கும் நடுவே எடுத்தால் பொருள் உடையும்.

பிறகு சிலம்பு. இரண்டு டப்பாக்களில் ஒன்றில் புளியங்கொட்டையும் மற்றொன்றில் மிளகும் இட்டு மூடி, கண்ணை மூடியிருக்கும் வகுப்பின் முன் குலுக்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலிருப்பவை உள்ளே இருக்கும் பரலால் வேறுபடும் என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே', அதாவது என் சிலம்பின் பரல் மாணிக்கம், என்பது அவள் வாதம்; 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே', எம் சிலம்பின் பரல் முத்து, என்பது அவன் ஒப்புதல். இதன்பின் மூலத்தில் வருவது:

தருகெனத் தந்து தான்முன் வைப்பக்
கண்ணகி அணிமணிக் காற்சிலம் புடைப்ப
மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே

பள்ளி மேடைகளில் கண்ணகி தன் கையில் ஏந்தி வந்த சிலம்பையே ஓங்கி உடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அதை உடைத்தால் வழக்கு தீராது. தன்னிடமுள்ள சிலம்பில் மாணிக்கம் இருப்பதை மட்டும்தான் அது காட்டும். அரசன் வருவித்து முன்னால் வைத்த சிலம்பில் மாணிக்கம் இருந்தால்தான் கோவலன் கள்வனல்லன் என்பது நிலைபெறும். இந்தக் குழப்பத்தை ஆசிரியர் தாமே சொல்லித் தீர்க்காமல், இரண்டு விதமாகவும் நடித்துக் காட்டச் சொல்லி, எதில் அரசன் தோற்கிறான் என்று பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

அடுத்த சிக்கல் தொலைவு. அரசன் அரிமான் ஏந்திய அமளிமேல், அதாவது அரியணைமேல், அமர்ந்திருக்கிறான் என்று மூலம் சொல்கிறது. முக்காலியில் அரசனை உட்காரவைத்து, புளியங்கொட்டை டப்பாவைத் தரையில் மோதித் திறந்து பாருங்கள். ஒரு கொட்டையாவது அவன் முகம் வரை எழ வேண்டுமானால் கண்ணகி எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும்? வாயிலில் 24 எட்டுத் தொலைவில் தொடங்கியவள் இப்போது கையெட்டும் தூரத்தில் நிற்கிறாள். நடுவிலுள்ள அந்தத் தூரத்தை அவள் எந்தெந்த அடியில் கடந்தாள் என்பதைக் குழுக்கள் தாளில் குறிக்கட்டும். காட்சியின் நகர்வு முழுவதும் இதிலிருந்தே அமைந்துவிடும். கொட்டை கண்ணில் படாதவாறு அரசனாக இருப்பவர் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வது நல்லது.

நான்காம் அமர்வு: வீழ்ச்சி

காதையின் தொடக்கத்தில் அரசி தன் தோழியிடம் சொல்லும் கனவில் குடையும் கோலும் விழுகின்றன. முடிவில் அரசன் 'தாழ்ந்த குடையன் தளர்ந்தசெங் கோலன்' ஆகிறான். குடையையும் கைத்தடியையும் இங்கேதான் பயன்படுத்த வேண்டும். குடை தாழ்கிறது, கோல் தளர்கிறது. இரண்டும் வெவ்வேறு வினைகள். விரித்த குடையைப் பிடித்து நிற்பவர் அதை மெல்ல இறக்குவதற்கும், கோலைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்வதற்கும் தனித்தனியே பயிற்சி கொடுங்கள். பெரும்பாலும் இரண்டையும் ஒரேயடியாகக் கீழே போட்டுவிடுவார்கள்.

'யானோ அரசன் யானே கள்வன்' என்ற அடியை எல்லாரும் அறிவர்; அதனாலேயே அது கெட்டுப்போயிருக்கிறது. முன்னதில் உள்ள ஓகாரம் எதிர்மறை, பின்னதில் உள்ள ஏகாரம் தேற்றம். ஓகாரத்தில் குரல் மேலே போய்த் தனக்குத்தானே மறுக்க வேண்டும், ஏகாரத்தில் கீழே வந்து ஊன்ற வேண்டும். எந்த அசைவும் இன்றி, அமர்ந்தபடியே, இந்த இரண்டு உயிரெழுத்துகளை மட்டும் கொண்டு அடியைச் சொல்லிப் பழகினால், நெஞ்சில் அறைந்துகொள்ளும் தேவையே எழாது.

'மன்னவன் மயங்கிவீழ்ந் தனனே' என்பதை யார் சொல்வது என்ற கேள்வி இங்கே வரும். கவிக்கூற்றான இத்தகைய அடிகளைக் குழுவாகச் சொல்லலாம், கூத்தில் வரும் கட்டியக்காரனைப் போல் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், விழுபவரே சொல்லிவிட்டும் விழலாம். மூன்றாவது முறை வேடிக்கையாகத் தோன்றினாலும், செய்து பார்த்தால் வலுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

அரசியாக நடிப்பவருக்கு முன்னதாகவே ஒரு வேலை கொடுத்திருக்க வேண்டும். கெட்ட கனவைக் கணவனிடம் வந்து சொன்னவள் அவள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயிலில் குரல் கேட்கிறது. வழக்கு நடக்கும் நேரம் முழுவதும் அவள் அருகிலேயே இருந்தால், கனவு மெய்யாகிக்கொண்டிருப்பதை அந்த அவையில் முதலில் உணர்பவள் அவளாகத்தான் இருக்க முடியும். பேச்சே இல்லாத அந்த நேரத்தில் எந்தெந்த அடியில் அவள் அரசனைப் பார்க்கிறாள், எந்த அடியில் சிலம்பைப் பார்க்கிறாள் என்று அவர் எழுதிவைக்கட்டும்.

விழுவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும்: முழங்கால், தொடையின் பக்கம், தோள் என்ற வரிசையில், பாயின் மேல், முதலில் மிக மெதுவாக. கையை ஊன்றி விழ அனுமதிக்காதீர்கள். ஒருவரையொருவர் தொடும் இடங்களை முன்கூட்டியே பேசி இருவரும் ஒப்பிய பின்னரே செய்ய வேண்டும். குடும்பத்தில் அண்மையில் இழப்பைச் சந்தித்த மாணவர் இருக்கக்கூடும். 'கணவனை இழந்தாள்' என்ற தொடர் இந்தக் காட்சியில் திரும்பத் திரும்ப வருவதால், காரணம் சொல்லாமலே எவரும் ஒதுங்கி உட்காரலாம் என்பதை முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணும் அடுத்த பாடமும்

நடிப்புக்கு மதிப்பெண் வேண்டாம். கூச்சமுள்ள மாணவர் அதனால் தண்டிக்கப்படுவார். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரு நெறியாளுகைக் குறிப்பேடு எழுதட்டும். இடப்பக்கத்தில் மூல அடி, வலப்பக்கத்தில் அந்த அடியில் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார், அதற்கு மூலத்திலுள்ள எந்தச் சொல் ஆதாரம் என்ற விளக்கம். ஆதாரச் சொல் இல்லாத குறிப்புக்கு மதிப்பெண் இல்லை என்பது விதி. உரைநூலை இந்தக் கட்டத்தில்தான் கையில் கொடுக்க வேண்டும். தாம் கண்டதை உரையாசிரியர் கண்டிருக்கிறாரா என்று பார்க்கும் ஆவலில் அதைப் படிப்பார்கள். அருஞ்சொற்பொருளும் இலக்கணக் குறிப்பும் அந்தப் படிப்பிலேயே வந்துவிடும்.

இதே முறையைக் கல்லூரி வகுப்புகளில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்துக்கும் விரிக்கலாம். 1891இல் வெளிவந்த அது, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப் பாடலைத் தழுவி ஆசிரியப்பாவால் இயன்ற முழு நாடகம். படிப்பதற்குரிய நாடகம் என்றே பெரும்பாலும் அதைச் சொல்வார்கள்; பேச்சுகள் நீளமானவை என்பதும் உண்மைதான். எனவே முழு அங்கத்தை எடுக்காமல், சூழ்ச்சிக்கார அமைச்சனான குடிலன் தனியே பேசும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் நடக்கும் திசையை மாற்றச் சொல்லிப் பாருங்கள். அடி முடியும் இடத்தில் எண்ணம் முடிகிறதா, அடியைத் தாண்டி ஓடுகிறதா என்பதைத் திரும்பும் கால்களே காட்டும். வழக்குரை காதையில் சீருக்கு ஓர் எட்டாக நடந்து பழகியவர்களுக்கு இதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது; ஓர் அமர்விலேயே செய்து முடிக்கலாம்.